திரும்பிப் போய்ப் பார்க்கிற மனுஷன்

ஜனவரி 3

கோழித் தீவனக் கடையில் ஓசியில் கொடுத்த டைரி. அட்டையில் ஒரு வெள்ளைக் கோழி என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறது. போன வருஷத்து டைரியைக் கோலம் வரைந்தே தீர்த்தேன். இந்த வருஷம் எழுதித்தான் பார்ப்போமே.

எழுத என்ன இருக்கிறது? நான் பூங்கொடி, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் செங்கோட்டுவேலு, ஊருக்கு வேலு. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்துப் பண்ணையிலிருந்து பரமத்தி வேலூர்க் கடைகளுக்கு முட்டை ஏற்றிப் போகிறார். மகள் யாழினி கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். அவர் ஒரு நாளைக்கு என்னிடம் பேசுவது "சாப்பாடு", "சாவி", "வரேன்". இருபத்திரண்டு வருஷமாக இதுதான். சண்டை போடவாவது வாயைத் திறக்க வேண்டாமா ஒரு மனுஷன்!

ஜனவரி 21

மத்தியானம் நேரங்கழித்து வந்தார். ஓலப்பாளையம் பிரிவில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதாம். யார் மேலோ ஏறிவிட்டதோ என்று சந்தேகம் வந்து, பரமத்தி வரை போனவர் திரும்பி வந்து பார்த்தாராம்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணுமில்லை."

"அப்பறம் என்னுங்க? வந்து சோத்தத் தின்னுங்க."

ரசத்தோடு எழுந்துவிட்டார்.

ஜனவரி 30

வேலூர்க் கடைக்காரர் எனக்குப் போன் போடுகிறார், முட்டை இன்னும் வரவில்லை என்று. இவர் என்னடாவென்றால் வழியில் வண்டியை நிறுத்தி, அடியில் படுத்து, சக்கரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். சட்டை முதுகெல்லாம் கிரீஸ். துவைத்துத் துவைத்து என் கைதான் தேய்ந்தது.

பிப்ரவரி 8

பேப்பரில் விபத்துச் செய்தி வருகிற பக்கத்தை வரி விடாமல் படிக்கிறார். பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்திருக்க மாட்டார் என்று கிண்டல் பண்ணினேன். சிரிக்கவில்லை.

"ஏம்புள்ள, அந்தத் திருப்பத்துல ஒரு பொம்பள சைக்கிள்ல போனாளே. அவ நல்லபடியா வீடு போய்ச் சேந்திருப்பாளா?"

"எந்தத் திருப்பம், எந்தப் பொம்பள? நான் என்ன உங்க கூடவா வந்தேன்?"

"வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

பிப்ரவரி 19

அவருடைய அக்கா கண்ணம்மா, எனக்கு நங்கையா, வந்திறங்கினார். தம்பியின் முகத்தைப் பார்த்த நிமிஷமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஏதோ பட்டிருக்குது பூங்கொடி. அந்த இடத்துலதான் புடிச்சிருக்குது. மாசி அமாவாசைக்கு உச்சி வேளையில, அந்த மேட்டுலயே ஒரு பூசணிக்காய் சுத்தி ஒடைச்சா எல்லாம் அத்துப்போகும்."

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. எதற்கும் இருக்கட்டும் என்று சந்தையிலேயே பெரிய காயாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 27

உடைத்தாயிற்று. உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மேலே சூடம் வைத்து, நங்கையா சுற்றினார், நான் போட்டு உடைத்தேன். வேகத்தடை பூராவும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. வருகிற வழியில் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். நங்கையாவுக்கு ஏகத் திருப்தி. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மனுஷனிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28

சொல்லாமல் விட்டது வினையாகப் போனது.

காலையில் ஓலப்பாளையம் பிரிவு டீக்கடைக்காரர் போன். "அக்கா, உங்க வீட்டுக்காரர் ரோட்டுல உக்காந்திருக்காருங்க. வண்டி நடுவுல நிக்குது, எஞ்சின் ஓடிட்டே இருக்குது."

மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். வேகத்தடைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, சிவந்த துண்டுகளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை ஊற்றுகிறது.

"இது மண்டையா பாரு. யார் மண்டை இது?"

"பூசணிக்காயிங்க. நானும் உங்க அக்காவும் நேத்து ஒடைச்சது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பூசணிக்காயிங்க!"

"சத்தியமாச் சொல்லு."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கீழே கிடந்த ஒரு துண்டை எடுத்து, மண்ணும் குங்குமமுமாக, அவர் கண் முன்னாலேயே கடித்து மென்று விழுங்கினேன். "பாத்தீங்களா? காய்தான்."

அதற்கப்புறம்தான் எழுந்தார். திருஷ்டிக் காயைத் தின்றது நங்கையாவுக்குத் தெரிந்தால் என்னையும் சேர்த்துச் சுற்றிப் போட்டுவிடுவார்.

மார்ச் 3

இன்றிலிருந்து நானும் வண்டியில் போகிறேன். அவர்தான் கேட்டார். மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறார். நான் வெளியே எட்டிப் பார்த்து "மேடுதானுங்க" என்கிறேன். உடனே முகம் தெளிந்துவிடுகிறது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை பாடு!

பரமத்தியில் டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தார். வேலூரில் காவிரிப் பாலத்து ஓரம் வண்டியை நிறுத்தி, சின்ன வயசில் இந்த ஆற்றில் நீச்சல் பழகும்போது தண்ணீர் குடித்து மூக்கெல்லாம் எரிந்த கதையைச் சொன்னார். அவருக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்தால் முதுகு விண்விண்ணென்று வலிக்கிறது. அந்தச் சீட்டு பலகை மாதிரி இருக்கிறது.

மார்ச் 11

சீட்டில் போட்டுக்கொள்ள ஒரு தலகாணி வாங்கி வந்திருக்கிறார். நீலத்தில் மஞ்சள் பூ. தையல்காரி வீட்டுக்கு யாராவது தலகாணி விலைக்கு வாங்குவார்களா? நானே தைக்க மாட்டேனா? ஆனாலும் மெத்தென்றுதான் இருக்கிறது.

மார்ச் 24

ஜாக்கெட்டெல்லாம் குவிந்துவிட்டது. மேலத் தெருவுக்காரி வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள்.

ஒரு தடவை சொன்னால் இப்போது அவருக்குப் போதவில்லை. "நல்லாப் பாத்தியா? யாழினி மேல சத்தியமாப் பாத்தியா?" என்கிறார். சத்தியம் செய்தாலும் அடுத்த ஊர் வருவதற்குள் வண்டியைத் திருப்புகிறார். இன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"பைத்தியமாயா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். மரியாதையெல்லாம் எங்கோ போய்விட்டது.

அவர் கோபப்படவே இல்லை. "அப்படித்தான் இருக்கும்போல புள்ள" என்றார்.

பாவி நான், ஏன்தான் கேட்டேனோ.

ஏப்ரல் 2

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள்.

கல்யாணத் துணி கொடுக்க நான் வெளியே போன நேரம் பார்த்து, இவர் தானாகவே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். ஓர் ஆள் மேல் வண்டியை ஏற்றிக் கொன்றுவிட்டேன், எங்கே என்று தெரியவில்லை, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாராம். அந்த எஸ்.ஐ. அம்மா பக்கத்து ஸ்டேஷன்களிலெல்லாம் விசாரித்து, அப்படி ஒரு கேஸே இல்லை என்று சொல்லியிருக்கிறார். இவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி அழுதிருக்கிறார்.

எஸ்.ஐ. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, எங்க சித்தப்பா இப்படித்தான் கையக் கழுவிட்டே இருப்பார். தோல் உரிஞ்சாலும் விடமாட்டார். அதுக்கு வைத்தியம் இருக்கு. பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எங்க வீட்டுக்காரருக்கு அதெல்லாம் இல்லீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியை என் கையில் வைத்தார். "வித்துரு பூங்கொடி. நான் ஒருத்தன் இல்லாட்டி ரோட்டுல போறவங்க நிம்மதியாப் போவாங்க."

சாவியை அரிசிப் பானைக்குள் போட்டேன். கொல்லையில் இருந்த பூச்சி மருந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நம் செடியில் இப்போது பூச்சியே இல்லையே, எதற்கு வீணாக.

ஏப்ரல் 4

போனோம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் யாரும் இருந்துவிடக் கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில் யாழினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர்! அவரும் முக்காட்டோடு. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டோம். அவருக்குத் தூக்கமே வராதாம், ஒன்றிலும் மனசு ஒட்டாதாம். மாத்திரை சாப்பிட்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறாராம்.

டாக்டர் சின்னப் பெண். அவசரப்படாமல் எல்லாம் கேட்டார். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, இந்த நினைப்பு எத்தனை நேரம் இருக்கிறது, வேண்டாமென்று தள்ளினால் போகிறதா. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்று அவரிடமே நேராகக் கேட்டார். அவர் தலையைக் குனிந்து "ம்" என்றார். அப்படித் தோன்றினால் யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது வேண்டுமானாலும் கிளம்பி வரலாம் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

"அண்ணா, இடிச்சிருப்போமோன்னு ஒரு நெனப்பு வண்டி ஓட்டுற எல்லாருக்கும் வரும். எனக்கும் வரும். வந்துட்டுப் போயிடும். உங்களுக்குப் போகாம சுத்திக்கிட்டே இருக்கு. இதுக்கு எண்ணச் சுழற்சி நோய்னு பேரு. ஓ.சி.டி.ன்னு சொல்லுவோம். நீங்க யாரையும் கொல்லலை. அடுத்தவங்களுக்கு எதுவும் ஆகிடக் கூடாதுன்னு பதறுற மனசு உங்களுது. அதைத்தான் இந்த நோய் போட்டு வதைக்குது."

என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இதற்கு ஒரு பேர் இருக்கிறது என்பதே அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் செய்வதையெல்லாம் பெருமையாகவே சொன்னேன், கூடப் போவது, எட்டிப் பார்ப்பது, சத்தியம் செய்வது, பூசணிக்காய் தின்றது வரைக்கும்.

"அக்கா, உங்களை மாதிரி யாரும் பாத்துக்க முடியாது. ஆனா அதை நிறுத்தணும்."

"எதை?"

"பதில் சொல்றதை. நீங்க சொல்லச் சொல்ல அந்த நோய் இன்னொரு தடவை கேக்கும். சட்டுன்னு வேண்டாம், மூணு பேரும் பேசிப் படிப்படியா நிறுத்துவோம்."

ஏப்ரல் 5

அந்த டாக்டர் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது.

ஏப்ரல் 16

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து குமட்டல். சோறு இறங்கவில்லை. நினைப்பும் குறையவில்லை. பலன் தெரிய ஒன்றரை இரண்டு மாசம்கூட ஆகும், விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வண்டியைத் தற்சமயம் பண்ணைக்காரரின் மச்சினன் ஓட்டுகிறார். சாயங்காலம் ஆனால் சாவி மறுபடி அரிசிப் பானைக்குள் போய்விடும்.

நங்கையா வந்து "அந்த மாத்திரையெல்லாம் வேண்டாம் சாமி, பழகிப்போயிரும்" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சர்க்கரை மாத்திரைய நிறுத்துங்க நங்கையா, நான் இதை நிறுத்தறேன்" என்றேன். காப்பி குடிக்காமலே போய்விட்டார். போகட்டும்.

மே 6

வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். பயத்தை எதிரே நிறுத்திப் பழக வேண்டுமாம். முதலில் கோயில் மைதானத்தில் வண்டியை ஓட்ட வேண்டும். பிறகு நம் தெரு. பிறகு வேகத்தடை. ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது, கீழே படுத்துப் பார்க்கக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது. பயம் ஏறும், ஏறினால் ஏறட்டும், அதுவாகவே இறங்கும். அவர் கேட்டால் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும்: "அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேங்க."

அவரே டாக்டர் முன்னால் அதற்குச் சம்மதித்துத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தால்?

"ஒரே ஒரு வார்த்தை பூங்கொடி. மைதானத்துல குறுக்க ஒரு கொழந்தை ஓடுச்சுல்ல?"

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேங்க."

"உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

சமையல்கட்டுக்குள் போய் மிக்ஸியைப் போட்டேன். அதில் ஒன்றுமே இல்லை. சத்தத்துக்காகத்தான் போட்டேன். அது ஓடுகிற வரைக்கும் நானும் அழுதேன்.

மே 7

மிக்ஸி இன்றைக்கும் காலியாகவே ஓடியது.

மே 29

இன்று தோற்றுப்போனேன். தெருவில் ஓட்டிவிட்டு வந்து, திண்டாடிக்கொண்டு சுவரோரம் நின்றார். பார்க்க முடியவில்லை. "ஒண்ணுமே ஆகலீங்க, நான் பாத்துட்டேதான் இருந்தேன்" என்றேன். அப்படி ஒரு நிம்மதி அவர் முகத்தில். எனக்கும்தான்.

சாயங்காலத்துக்குள் அதையே பத்துத் தடவை கேட்டுவிட்டார். டாக்டர் சொன்னது சரிதான். கல்யாணம் ஆகாவிட்டாலும் விவரமான பெண்தான்.

ஜூன் 20

மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். குமட்டல் நின்றுவிட்டது. சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நினைப்பு வருகிறதாம், ஆனால் முன்னைப் போலக் கழுத்தைப் பிடிப்பதில்லையாம்.

இன்றைக்குத் தனியாக வேலூருக்குப் போனார். அரிசிப் பானையிலிருந்து சாவியை எடுத்து நான்தான் கொடுத்தேன். தலகாணியை வீட்டுக்குள் எடுத்து வந்து தையல் மெஷின் ஸ்டூலில் போட்டுக்கொண்டேன். அங்கே யார் உட்காரப் போகிறார்கள்.

வந்ததும் "ஒரு தடவை திரும்பிட்டேன்" என்றார்.

"ஒரு தடவைதானுங்களே?" என்றேன். தேவலை.

முதுகு வலி சுத்தமாகப் போய்விட்டது. வீட்டோடு இருப்பது எவ்வளவோ நிம்மதி.

ஜூலை 11

குவிந்து கிடந்த ஜாக்கெட்டெல்லாம் முடிந்தது. மேலத் தெருவுக்காரிக்குக் கையை உள்பக்கம் வெளிப்பக்கமாக மாற்றித் தைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படித் தைத்ததே இல்லை.

அவர் எதையும் கேட்பதில்லை. "சாப்பாடு", "சாவி", "வரேன்". பழையபடி ஆகிவிட்டார். நல்லதுதானே.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. வேலூர் ஆற்றங்கரையில் ஊரே திரண்டு நிற்கும், பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். போகவே வேண்டாம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. போகிறேன் என்று அவரேதான் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாசலிலேயே நின்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நடை நேராக இருந்தது.

"பயமாத்தான் இருந்துச்சு. ஓட்டிட்டேன்."

"திரும்பினீங்களா?"

"இல்லை."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, வந்துட்டேன்."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவரோ சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். பாலத்தில் நிறுத்தினாரா, வடை தின்றாரா, ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

ஆஸ்பத்திரி. நன்றாக முன்னேறியிருக்கிறார் என்றார் டாக்டர். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாதாம், இன்னும் ஒரு வருஷமாவது வேண்டுமாம். நினைப்பு மறுபடி தலைகாட்டலாம், காட்டினால் பயப்படக் கூடாதாம், என்ன செய்ய வேண்டும் என்றுதான் இப்போது தெரியுமே என்றார்.

கிளம்பும்போது, "நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?" என்று கேட்டார்.

"எனக்கென்னுங்க, நல்லா இருக்கேன்."

வெளியே வந்ததும் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. அந்தப் பினாயில் வாசனை எனக்கு எப்போதுமே ஆகாது. அவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. மெஷினுக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்து மாலை போட்டோம். நங்கையா கோபம் தணிந்து வந்திருந்தார். பூசணிக்காய் வாங்குவதா வேண்டாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரரே சந்தைக்குப் போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். குங்குமமும் அவரே கரைத்தார். கொஞ்சம் தரையில் சிந்தியது. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நங்கையா சுற்ற, அவர் உடைத்தார். சிவந்து சிதறியதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் விளக்குமாற்றை எடுத்து வந்து, "வண்டியில வர்றவங்க வழுக்கி விழுவாங்க" என்று ஓரமாகக் கூட்டித் தள்ளினார். எனக்குத் திக்கென்றது, நோய் திரும்புகிறதோ என்று. ஆனால் ஒரு தடவைதான் கூட்டினார். கூட்டியதும் விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டார்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து நசுக்கினார். பூஜை முடிந்தால் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவது வழக்கம். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன்.

"ஏம்புள்ள. வர்றியா, வேலூர் வரைக்கும்?"

"எதுக்குங்க? நான்தான் ஒண்ணும் சொல்லக் கூடாதே."

"சொல்றதுக்கு இல்லை. சும்மாத்தான். நீ வந்தா நல்லா இருக்கும்."

கதவைத் திறந்தால் நீலத் தலகாணி சீட்டில் இருக்கிறது. காலையில் ஸ்டூலில் காணோமே, எங்கே போட்டேன் என்று நானும் தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஏறி உட்கார்ந்தேன்.

ஓலப்பாளையம் பிரிவு வந்தது. கடைக்குக் கடை உடைத்த பூசணி ரோடெல்லாம் கிடந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினோம். கூடவே சக்கரத்துக்கு அடியில் ஏதோ நறுக்கென்றது. இடுப்பைத் திருப்பி, கழுத்தை நீட்டிப் பின்னால் பார்த்தேன். வண்டியில் கட்டிய மாலை மறைத்ததில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏனுங்க, என்னுங்க அது?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தது. கண்ணாடியைப் பார்க்கவில்லை. வண்டியின் வேகத்தையும் குறைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் பூங்கொடி."

அடப்பாவி மனுஷா! சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. அவரும் சிரித்தார். பரமத்தியில் வடை சூடாக இருந்தது. பாலத்தில் நிறுத்தி யாழினிக்குப் போன் போட்டு இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினோம். வீடு வந்து சேருகிற வரைக்கும் அவர்தான் பேசிக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது தலகாணியை எடுக்காமல் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.